என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் ஆயில் சொட்டுகிறது: கிராங்க் பின் சீல்தானா?

நீலக்கார் (கேள்வி)

வணக்கம். பெட்ரோல் கார், மேனுவல் கியர், முன் சக்கரங்கள் இழுக்கும் வகை. ஒன்பது வருட வண்டி. இதுவரை பெரிய தொல்லை எதுவும் தந்ததில்லை.

கொஞ்ச நாளாகக் காலையில் வண்டியை நகர்த்தினால் தரையில் ஒரு கறை. உள்ளங்கையில் பாதி அளவு இருக்கும். கரும்பழுப்பு நிறம், தொட்டால் வழுவழுவென்று இருக்கிறது, சோப்பு போட்டாலும் விரலை விட்டு லேசில் போவதில்லை. என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே விழுகிறது. ஆயில் கேஜை இழுத்துப் பார்த்தேன். ஆயில் மாற்றியபோது மேல் கோட்டில் இருந்தது, இப்போது இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்து ஒரு பார்வை பார்த்தார்கள். "கிராங்க் பின் சீல் போயிருக்கு, கியர் பாக்ஸை இறக்கணும், இறக்கும்போதே கிளட்ச்சையும் மாத்திடலாம்" என்றார்கள். பின் சீல் என்பது கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம். வேலைக்கு நாள் குறித்துக் கொடுக்கவும் தயார்.

நானும் லிஃப்டுக்குக் கீழே போய் நின்று பார்த்தேன். சொட்டு தொங்குகிற இடம் பெல் ஹவுசிங்கின் (கிளட்ச்சை மூடி, கியர் பாக்ஸை என்ஜினோடு சேர்க்கும் உறை) அடியில் இருக்கும் மூட்டு, அது உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு சாண் மேலே, என்ஜின் பிளாக்கின் பின்பக்கமும் கறுப்பாக ஈரமாக இருந்தது. சீல் கீழே போயிருந்தால் மேலே ஏன் ஈரம்? இதைக் கேட்டதற்கு, ஓடும்போது காற்றில் தெறித்திருக்கும் என்றார்கள். அதுவும் நடக்கக்கூடியதாகத்தான் தோன்றுகிறது. இருந்தாலும் இவ்வளவு பெரிய வேலைக்குச் சம்மதிக்கும் முன் உறுதியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். வீட்டிலேயே நானாகப் பார்த்துக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

இன்னொன்று. ஏசி போட்டு ஓட்டிவிட்டு நிறுத்தினால், முன் பயணி இருக்கைப் பக்கம் தண்ணீர் மாதிரி ஏதோ சொட்டுகிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

இரவுஓட்டி

கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், மற்றதைத் தொழில் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

அது ஏசி தண்ணீர். டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் காற்றின் ஈரம் படிந்து, ஒரு சின்னக் குழாய் வழியாகக் கீழே இறங்குகிறது. நிறம் இருக்காது, வாசனை இருக்காது, கையில் பிசுபிசுக்காது, காய்ந்தால் தடமே இருக்காது. இந்த நான்கும் ஒத்துவந்தால் கவலையை விடுங்கள். சொல்லப்போனால் புழுக்கமான நாளில் ஏசி போட்டும் தண்ணீர் சொட்டவில்லை என்றால்தான் பார்க்க வேண்டும். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே திரும்பிக் கால் வைக்கிற இடத்தில் மிதியடியை நனைத்துவிடும்.

ஒரு சந்தேகம்: உங்கள் வண்டிக்கு என்ஜினுக்கு அடியில் பிளாஸ்டிக் கவர் உண்டா? இருந்தால் தரையில் விழும் இடத்தை நம்ப வேண்டாம். எங்கே கசிந்தாலும் அந்தத் தட்டில் வந்து தேங்கி, ஏதாவது ஒரு ஸ்குரூ ஓட்டை வழியாகத்தான் விழும்.

பழைய ஸ்பேனர்

தம்பி, நீங்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. சீல் கீழே போயிருந்தால் மேலே ஏன் ஈரம் என்பதற்கு விடை கிடைக்காமல் கியர் பாக்ஸில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பின் சீல் என்று சொல்லி கியர் பாக்ஸை இறக்கிவிட்டு, திரும்ப மாட்டிய பிறகும் அதே இடத்தில் அதே சொட்டு விழுகிற வண்டிகள் எங்களிடம் வந்துகொண்டே இருக்கின்றன. சீல் புதிது, கிளட்ச் புதிது, கசிவு மட்டும் பழையது. காரணம் என்ன? என்ஜினின் பின்பக்கத்தில் எங்கே கசிந்தாலும் ஆயில் சுவரோடு வழிந்து கடைசியில் பெல் ஹவுசிங் மூட்டில் வந்துதான் நிற்கும். அது அடிவாரம். அங்கே சொட்டு தொங்குவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: ஈரம் இருக்கிற இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறது, எது மிக முன்னால் இருக்கிறது என்று பார். உயரம் ஏன் என்று சொல்லத் தேவையில்லை. முன்னால் என்பது காற்றுக்காக. வண்டி ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். ஒர்க்‌ஷாப்பில் காற்றில் தெறித்தது என்று சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. காற்று பின்னால் பரப்பும், அக்கம்பக்கம் இறைக்கும். ஆனால் கீழ் மூட்டிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கனமான ஈரத்தை ஏற்றிவிடாது. மேலே இருப்பது லேசான புழுதி ஒட்டிய படலமா, இல்லை விரல் வைத்தால் ஆயில் திரளாக வருகிற ஈரமா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் கசிவு அதற்கும் மேலேதான்.

பின் சீல் உண்மையிலேயே போனால் எப்படி இருக்கும் தெரியுமா? அந்த சீல் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில், ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்துக்கு முன்னால் இருக்கிறது. கசிகிற ஆயில் பெல் ஹவுசிங்குக்கு உள்ளேதான் இறங்கும். உள்ளேயே வழிந்து, அடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகவோ மூட்டு வழியாகவோ வெளியே வரும். அதாவது ஹவுசிங்கின் வெளிப்பக்கம், மூட்டுக்கு மேலே, காய்ந்து இருக்கும். உள்ளே ஈரம், வெளியே உலர்வு. உங்களுக்கு நேர்மாறாக வெளியே மேலிருந்து ஈரம். இன்னும் ஒன்று, உள்ளே கசிகிற ஆயில் நாளாக ஆகக் கிளட்ச் தகட்டில் படும். அப்போது கிளட்ச் வழுக்கும், மேடு ஏறும்போது என்ஜின் சத்தம் மட்டும் கூடும், வேகம் கூடாது, கருகிய வாசனை வரும். அப்படி ஏதாவது இருக்கிறதா?

முதலில் அது என்ஜின் ஆயில்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் அதே இடத்துக்கு வந்து சேர வேறு சிலவும் இருக்கின்றன. கியர் பாக்ஸின் உள்வரும் ஷாஃப்டுக்கு ஒரு சீல் உண்டு, அது கசிந்தால் கியர் ஆயிலும் அதே பெல் ஹவுசிங் வழியாகத்தான் வெளியே வரும். கியர் ஆயிலை மூக்கு கண்டுபிடித்துவிடும். கந்தக வாடை, அழுகிய மாதிரி ஒரு நெடி, ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். என்ஜின் ஆயிலை விடக் கனமாகவும் இருக்கும். கிளட்ச் ஹைட்ராலிக்காக இருந்து அதன் சிலிண்டர் பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் வண்டிகளில் பிரேக் ஆயிலும் அங்கே வரலாம். அது மெலிசாக, இளமஞ்சளாக இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: என்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் மேலே மிதக்கும், பிரேக் ஆயிலும் கூலண்டும் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) தண்ணீரோடு கலந்துவிடும். நீங்கள் சொன்ன நிறமும், கேஜில் இறங்கிய அளவும் சேர்ந்து என்ஜின் ஆயில் பக்கம்தான் கை காட்டுகின்றன. இருந்தாலும் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வைத்து, சொட்டைப் பிடித்து, முகர்ந்து பாருங்கள்.

இப்போது தேடும் முறை. இதில் முக்கால் பங்கு வேலை கழுவுவதுதான். வருடக்கணக்கில் படிந்த அழுக்குக்கு நடுவே புதுக் கசிவைக் கண்டுபிடிக்க எந்த மெக்கானிக்காலும் முடியாது, டார்ச் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. என்ஜின் முழுக்க ஆறிய பிறகு, ஆல்டர்னேட்டரையும் தெரிகிற வயர் இணைப்புகளையும் பிளாஸ்டிக் பையால் மூடிக்கொண்டு, டிகிரீசர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, மெல்லிய தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷ் வேண்டாம், அது தண்ணீரை இணைப்புகளுக்குள் ஏற்றிவிடும். பிளாக்கின் பின்பக்கம், டேப்பட் கவரின் (என்ஜினின் உச்சியில் இருக்கும் மூடி) விளிம்பு, ஆயில் ஃபில்டர் சுற்றுவட்டம், சேம்பர் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) விளிம்பு, பெல் ஹவுசிங் மூட்டு என்று எல்லாமும். துடைத்து, நன்றாகக் காய விடுங்கள்.

காய்ந்த பிறகு உடனே ஓட்டப் போகாதீர்கள். நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து என்ஜின் முழுச் சூடு ஏறும் வரை விடுங்கள். நிற்கிற வண்டியில் காற்று கிடையாது, ஆகவே கசிகிற ஆயில் நேர்கோடாகக் கீழே இறங்கும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஊற்றுக்கண் தெரியும். அதில் எதுவும் தெரியவில்லை என்றால்தான் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து பார்ப்பது.

கோடு கண்ணுக்குத் தெரியாத அளவு மெலிதாக இருந்தால் டால்கம் பவுடர். காய்ந்த சுவரில், என்ஜின் நின்றிருக்கும்போது, பிரஷ்ஷால் லேசாகத் தூவிவிடுங்கள். பெல்ட்டுக்கும் காற்று போகும் வழிக்கும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். வெள்ளைப் பரப்பில் ஆயில் ஊறினால் பழுப்பாகக் கோடு விழும், இதைவிட மலிவான சோதனை எதுவும் இல்லை. அதற்கும் சிக்காவிட்டால் புற ஊதாச் சாயம் இருக்கிறது. ஆயிலுக்கென்று விற்கும் சாயத்தை ஆயில் மூடி வழியாக ஊற்றி, கொஞ்சம் ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் கசிந்த இடம் மஞ்சள் பச்சையாக ஒளிரும். ஒரு எச்சரிக்கை, சில கூலண்டுகள் சாயம் போடாமலே ஒளிரும். ஒளிர்வதெல்லாம் ஆயில் என்று நினைத்துவிடக் கூடாது.

எங்கெங்கே பார்ப்பது? உங்கள் வண்டியில் நான் சந்தேகப்படும் வரிசை இது. டேப்பட் கவர் கேஸ்கெட்டின் பின்பக்க விளிம்பு முதலில். அது கண்ணுக்கு மறைவான பக்கம், சூட்டில் ரப்பர் இறுகி விறைத்துப்போகும். அடுத்து ஆயில் பிரஷர் சுவிட்ச், டாஷ்போர்டில் ஆயில் விளக்கை எரிய வைப்பது. பலரும் பார்க்காமல் விடுகிற இடம் இதுதான். கட்டைவிரல் அளவு சாமான், பிளாக்கின் பின்பக்கத்திலோ ஃபில்டருக்குப் பக்கத்திலோ மாட்டியிருக்கும், உள்ளே ஆயில் அழுத்தத்தோடு நிற்கிறது. அதன் உலோக உடலும் பிளாஸ்டிக் தலையும் சேரும் இடத்தில் நாளடைவில் விட்டுப்போகும். வயர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே ஆயில் இருந்தால் தீர்ப்பு எழுதியாயிற்று. அப்புறம் ஃபில்டர். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதியதை மாட்டிவிட்டால் கசியும், சில சமயம் பீறிட்டே அடிக்கும். டிரைன் போல்ட்டின் வாஷரையும் பாருங்கள்.

ஒன்றை முடிவாகச் சொல்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். சமதரை, கைபிரேக், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் மேலிருந்து பானட்டைத் திறந்து, கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பாருங்கள். பின்பக்கச் சுவரை அப்படியே பார்க்கலாம், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினாலும் போதும்.

நீலக்கார்

அண்ணா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிகவும் நன்றி. கிளட்ச் வழுக்கவில்லை, கருகிய வாசனையும் இல்லை. அட்டையில் பிடித்து முகர்ந்தேன், கந்தக வாடை கிடையாது, கேஜில் வருகிற ஆயில் வாசனையேதான். தண்ணீரில் விட்டால் மிதக்கிறது. பிளாஸ்டிக் கவர் முன்பே கழற்றப்பட்டுவிட்டது, அதனால் விழும் இடம் உண்மையான இடம்தான். மேல் ஈரத்தில் விரல் வைத்தேன், படலம் இல்லை, திரளாக வந்தது. கழுவிவிட்டு எழுதுகிறேன்.

மழைச்சாரல்

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் வண்டியில் ஆயில் பிரச்சினை இல்லை, கூலண்ட் குறைகிறது. டப்பாவில் மேல் கோடு வரை ஊற்றினால் கொஞ்ச நாளில் கீழ்க் கோட்டுக்கு வந்துவிடுகிறது. ஆனால் தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அட்டை வைத்தும் பார்த்துவிட்டேன். எங்கேதான் போகிறது?

பழைய ஸ்பேனர்

நல்ல கேள்வி, தனியாகவே பேச வேண்டியது. தரையில் விழாமல் கூலண்ட் காணாமல் போக சில வழிகள்தான் உண்டு.

சூடான இடத்தில் கசிந்து அங்கேயே ஆவியாகிவிடுவது ஒன்று. தண்ணீர் பகுதி போய்விடும், மற்றது படிவாகத் தங்கும். வாட்டர் பம்ப்பில் வேண்டுமென்றே ஒரு சின்னத் துளை வைத்திருப்பார்கள், உள்ளே சீல் தேய ஆரம்பித்தால் அது வழியாகக் கசிந்து காட்டிக்கொடுப்பதற்காக. அந்தத் துளையைச் சுற்றி, ஹோஸ் மாட்டும் முனைகளில், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பில் வெள்ளையாகவோ பச்சையாகவோ ரோஜா நிறத்திலோ பொரிந்த மாதிரி படிவு இருக்கிறதா என்று பாருங்கள். நிறத்தை வைத்து இந்த வகைக் கூலண்ட் என்று முடிவு செய்யாதீர்கள், நிறத்துக்குப் பொது விதி கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

வண்டிக்கு உள்ளேயே கசிவது இன்னொன்று. ஹீட்டர் கோர், அதாவது காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர், டாஷ்போர்டுக்குள் இருக்கிறது. அது கசிந்தால் முன்பக்க மிதியடி பிசுபிசுவென்று நனையும், கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் பசை மாதிரி மூட்டம் போடும், துடைக்கத் துடைக்க வரும், காருக்குள் இனிப்பான வாசனை இருக்கும். மேலே இரவுஓட்டி சொன்ன ஏசி தண்ணீர் உள்ளே திரும்புவதையும் இதையும் பிரிப்பது எளிது, ஏசி தண்ணீருக்கு வாசனையும் பிசுபிசுப்பும் கிடையாது.

மூன்றாவது ஹெட் கேஸ்கெட், பிளாக்குக்கும் அதன் மேல் இருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு. கூலண்ட் சிலிண்டருக்குள் போய் எரிகிறது. என்ஜின் சூடேறிய பிறகும் சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த மாதிரி கலங்கல் இருந்தால் சந்தேகப்படலாம். குளிர் காலத்தில் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் மூடியடியில் கொஞ்சம் கலங்கல் சும்மாவும் வரும், அது ஒன்றை மட்டும் வைத்துப் பயந்துவிடாதீர்கள். கூலண்ட் டப்பாவில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று பார்க்க நீல நிறத் திரவச் சோதனை உண்டு. பெட்ரோல் என்ஜினில் வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும்.

இதையெல்லாம் யூகித்துக்கொண்டிருப்பதை விட ஒரு பிரஷர் சோதனை செய்யச் சொல்லுங்கள். என்ஜின் ஆறியிருக்கும்போது கூலண்ட் மூடியைக் கழற்றிக் கைப்பம்ப்பை மாட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அளவு வரை, பெரும்பாலான கார்களில் 1 பாரை ஒட்டி இருக்கும், காற்றை ஏற்றிவிட்டு முள்ளைப் பார்ப்பது. கால் மணி நேரம் முள் அசையாமல் நின்றால் நல்லது. இறங்கினால் எங்கிருந்தோ போகிறது, அப்போது தேடினால் ஈரமாகவே சிக்கும். மூடியையும் அதே கருவியில் சோதிக்கலாம். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் கூலண்ட் அது வழியாகவே ஆவியாகப் போகும், எங்கே தேடினாலும் கிடைக்காது.

சூடான என்ஜினில் அந்த மூடியைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் இருப்பதால் உள்ளே 100 டிகிரிக்கு மேலேயும் கொதிக்காமல் நிற்கிறது, திறந்த கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். அதோடு, கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். எங்காவது சிந்தியிருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்துவிடுங்கள். நாயும் பூனையும் நக்கினால் சிறுநீரகம் போய் உயிரே போய்விடும். குழந்தைகள் உள்ள வீட்டில் மீதிக் கேனை எட்டாத இடத்தில் வையுங்கள்.

தேன்மொழி_ஓட்டுநர்

பெரியவர் பிரேக் ஆயிலை ஒரு வரியில் தாண்டிவிட்டார், அதை நான் சேர்த்துக்கொள்கிறேன். இந்த இழையைப் படிக்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

என் பழைய வண்டியில் பின் சக்கரத்தின் உள்பக்கம் டயர் சுவர் ஈரமாக இருந்தது. மழைத் தண்ணீர் என்று நினைக்கத் தோன்றும், ஏனென்றால் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கிட்டத்தட்ட நிறமற்றது. ஆனால் விரலில் தேய்த்தால் வழுக்குகிறது, காயவும் இல்லை. டிரம்மைக் கழற்றினால் உள்ளே சக்கரச் சிலிண்டரின் ரப்பர் கப் கிழிந்திருந்தது. பெடலில் பெரிய வித்தியாசம் அப்போது தெரியவில்லை, அதுதான் பயமே. சக்கரத்தின் உள்பக்கம் எந்த ஈரம் கண்டாலும், அது என்ன என்று தெரிகிற வரை வண்டியை எடுக்காதீர்கள். இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

பிரேக் ஆயில் டப்பாவில் அளவு மெதுவாக இறங்குவது மட்டும் கசிவுக்கு அடையாளமாகாது. பிரேக் பேடு தேயத் தேய ஆயில் காலிப்பருக்குள் (பேடை அழுத்தும் பகுதி) போய் நிற்கும், அதனால் அளவு இறங்கும். சட்டென்று இறங்கினாலோ, பெடல் முன்னைவிட ஆழமாகப் போனாலோ, மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல அமுங்கினாலோ அது வேறு விஷயம். பெடல் அழுத்துகிற மாஸ்டர் சிலிண்டர் பின்னால் கசிந்து, பெடலுக்குப் பலம் கூட்டும் பூஸ்டருக்குள் போனால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. சிந்திய பிரேக் ஆயில் பெயின்ட்டையும் உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

பெட்ரோல் வாசனை வந்தாலும் இதே கண்டிப்புதான். ஸ்டார்ட் செய்யக் கூடாது.

நீலக்கார்

கழுவிப் பார்த்தாயிற்று. படங்களை இங்கே ஏற்ற முடியவில்லை, எழுதியே சொல்கிறேன்.

நின்ற இடத்தில் சூடேற்றியபோது டேப்பட் கவர் விளிம்பில் ஒன்றும் இல்லை, காய்ந்தே இருந்தது. பின்பக்கச் சுவரில் டால்கம் பவுடர் தூவிவிட்டு மறுபடியும் ஓட விட்டேன். முதலில் எதுவும் தெரியவில்லை. விசிறி சுற்ற ஆரம்பிக்கிற அளவு சூடு வந்த பிறகு, பிளாக்கின் நடு உயரத்தில், ஒற்றை வயர் போய் மாட்டுகிற ஒரு சின்னச் சாமானுக்கு அடியில் பழுப்பாக ஒரு புள்ளி வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீண்டு, பவுடரில் ஒரு நூல் மாதிரி கீழே இறங்கியது. சுவரில் இருக்கும் ஒரு மேட்டில் முட்டி, பக்கவாட்டில் திரும்பி, அங்கிருந்து நேராகப் பெல் ஹவுசிங் மூட்டுக்கு வந்து சேர்ந்தது. மூட்டுக்கு மேலே அந்த ஒரு கோட்டைத் தவிர மற்ற இடம் முழுக்க வெள்ளையாகவே இருந்தது.

என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றினேன். உள்ளே ஆயில் நிறைந்திருந்தது, பிளக்கைத் தலைகீழாகப் பிடித்தால் சொட்டியது. வயரின் உறைக்குள்ளும் கொஞ்ச தூரம் ஏறியிருக்கிறது. ஆயில் பிரஷர் சுவிட்ச்தான் என்று நினைக்கிறேன். இதை நானே மாற்றலாமா? கியர் பாக்ஸ் வேலைக்குக் குறித்த நாளை ரத்து செய்துவிட்டேன்.

பழைய ஸ்பேனர்

ரொம்ப சந்தோஷம். பிளக்குக்குள் ஆயில் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

நீங்களே மாற்றலாம், கை எட்டுகிற இடமாக இருந்தால். உங்கள் மாடலுக்குரிய சுவிட்சையே வாங்குங்கள், பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் மரையும் அது வேலை செய்கிற அழுத்தமும் மாறும். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். சுவிட்சுக்கென்று ஆழமான சாக்கெட் கிடைக்கும், பிளாஸ்டிக் தலையைப் பிளையரால் பிடித்துத் திருக வேண்டாம், உடைந்து மிச்சம் உள்ளே நின்றால் வேலை இரட்டிப்பு. கழற்றியதும் கொஞ்சம் ஆயில் வரும், துணியைத் தயாராக வையுங்கள். சில சுவிட்சுக்கு வாஷர் வரும், சிலவற்றுக்கு மரையே கூம்பாக இருந்து தானாக இறுகும், சிலவற்றில் மரையில் சீலண்ட் பூசியே வரும். வாஷர் வருவதில் மேலே எதுவும் பூச வேண்டாம். முதலில் கையாலேயே மரை ஏற்றுங்கள், கடைசி இறுக்கம் மட்டும் ஸ்பேனரில், மேனுவலில் கொடுத்திருக்கும் அளவுக்கு. கூம்பு மரையை ஓங்கி இறுக்கினால் அலுமினியப் பிளாக் விரிந்துவிடும்.

வயர் பிளக்கைக் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து காய விடுங்கள். வயர் உறைக்குள் ஏறிய ஆயிலைத் துணியால் பிழிந்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது கொஞ்ச நாள் கசிந்து, புது சுவிட்சும் போய்விட்டதோ என்று உங்களைக் குழப்பும். மாட்டியதும் சாவியைத் திருப்பினால் ஆயில் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் ஓரிரு நொடியில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் என்ஜினை உடனே நிறுத்துங்கள், ஓட விட்டுப் பார்க்கிற சோதனை அது இல்லை.

கேஜைப் பார்த்து மேல் கோட்டைத் தாண்டாமல் ஆயில் நிரப்புங்கள். பெரும்பாலான கார்களில் இரண்டு கோட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 1 லிட்டர், ஆகவே உங்களுக்கு அரை லிட்டர் போதும். நிரப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.

இன்னொரு சின்ன வேலை. என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதர் வால்வையும் அதன் ஹோஸையும் கழற்றிச் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். அது அடைத்துக்கொண்டால் என்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல நிலையில் இருக்கிற சீலையும் கேஸ்கெட்டையும் கூடக் கசிய வைக்கும். ஒன்பது வருட வண்டியில் இதைப் பார்க்காமல் எந்த சீலையும் மாற்றக் கூடாது என்பது என் கொள்கை. கசிவை அடைக்கும் என்று டப்பாவில் விற்கும் மருந்தை யாராவது ஊற்றச் சொன்னால் வேண்டாம், ரப்பரை ஊதவைத்துத் தற்காலிகமாக நிறுத்துகிற சமாச்சாரம் அது.

பிறகு பின்பக்கச் சுவரை மறுபடி துடைத்து, பவுடர் தூவி, சில நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். பெல் ஹவுசிங் மூட்டில் மட்டும் புதிதாக ஈரம் வந்து, அதற்கு மேலே வெள்ளையாகவே இருந்தால் பின் சீலும் சேர்ந்து கசிகிறது என்று அர்த்தம், அப்போது பேசிக்கொள்வோம். மழைச்சாரல், உங்கள் பிரஷர் சோதனையில் முள் எவ்வளவு இறங்கியது என்று எழுதுங்கள், மூடியைத் தனியாகச் சோதித்ததையும் சேர்த்து.